எத்தனையாவது ராங்க்? ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை எல்லாத் தெருவிலும் ஒரே கேள்விதான்: "எத்தனையாவது ராங்க்?" 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். பிளஸ் ஒன் பற்றியும் ஓரிடத்தில் வரும்.

ராங்க் என்பது எதைத்தான் காட்டுகிறது?

வரிசையில் பிள்ளை நிற்கும் இடத்தை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அது காட்டாது.

40 பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நாலைந்து பேர் 430க்கு மேல் இருப்பார்கள். நடுவில், 300ஐ ஒட்டி, பெரும் கூட்டம் இருக்கும். காலாண்டில் 318 எடுத்த பிள்ளை 9ஆவது ராங்க். அரையாண்டில் 311 எடுக்கிறது, 16ஆவது ராங்க். "ஏழு ராங்க் எறங்கிட்டான்" என்று வீட்டில் ரகளை. போனதோ 500க்கு 7 மதிப்பெண்: ஒரு ஐந்து மார்க் கணக்கு, ஒரு இரண்டு மார்க் கேள்வி. அதே வகுப்பில் முதல் ராங்க் பிள்ளை 462லிருந்து 441க்கு இறங்கியிருக்கும். 21 மதிப்பெண் போயும் முதலிடத்திலேயே இருப்பதால் அதை யாரும் கேட்கமாட்டார்கள். கவனிக்க வேண்டியது இந்த முதல் ராங்க் பிள்ளையைத்தான்.

ராங்க் போடும் முறையும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு பேர் 412, அடுத்தவர் 409 என்றால், அந்த 409க்கு ஒரு பள்ளியில் இரண்டாம் ராங்க், இன்னொரு பள்ளியில் மூன்றாம் ராங்க். பக்கத்துப் பள்ளியில் படிக்கும் சித்தி மகனோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஒரு பாடம் போய்விட்டால் ராங்க் கட்டத்தில் கோடு போட்டுவிடுகிறார்களே?

எல்லாப் பாடமும் தேறியவர்களுக்கு மட்டுமே ராங்க் என்பது பல பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். எங்கள் கணிப்பில், ராங்க் முறையிலேயே அதிகம் காயப்படுத்துவது இந்தக் கோடுதான். மொத்தம் 352 எடுத்து, கணிதத்தில் மட்டும் 31 வாங்கிய பிள்ளைக்கும் கோடு. ஐந்து பாடத்திலும் சேர்த்து 110 வாங்கிய பிள்ளைக்கும் கோடு. 198 எடுத்து எல்லாவற்றிலும் 35ஐத் தாண்டிய பிள்ளைக்கு 27ஆவது ராங்க். அந்த 352 பிள்ளை தன்னை "பெயில் கூட்டம்" என்று முடிவு கட்டிக்கொண்டு, நன்றாக வரும் நான்கு பாடங்களையும் கைவிட ஆரம்பிக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கோட்டுக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு வரி எழுதலாம்: "4 பாடம் தேர்ச்சி. கணிதத்தில் இன்னும் 4 மதிப்பெண் தேவை." அட்டையில் இடமில்லை என்றால் விடைத்தாளின் முதல் பக்கத்தில் எழுதலாம். பள்ளி எழுதாவிட்டால் பெற்றோரே எழுதிக் காட்டலாம்.

ராங்க் குறைந்தால் தன்மதிப்பு கட்டாயம் குறையுமா?

கட்டாயம் இல்லை. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, "நான் படிப்பில் எப்படி" என்ற எண்ணம். மற்றொன்று, "நான் எப்படிப்பட்ட ஆள்" என்ற எண்ணம். ராங்க் முதலில் அடிப்பது முன்னதை. பின்னதுவரை அது இறங்குமா என்பது வீடும் பள்ளியும் பேசும் பேச்சைப் பொறுத்தது.

மனிதர் தம்மை எடைபோட அளவுகோல் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுக்கொள்வர் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். 13, 14 வயதில் இந்தப் பழக்கம் உச்சத்தில் இருக்கும். நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அந்த வயதில் பெரிய செய்தி. அந்த நேரத்தில் ஒப்பீட்டை எண்ணாக்கி, சத்தமாகப் படித்து, அட்டையில் அச்சடித்தும் கொடுக்கிறோம்.

ஆனால் பிள்ளையின் தன்மதிப்பு ஒரே காலில் நிற்பதில்லை. நண்பர் வட்டம், கபடி, குரல், வீட்டில் அதன் சொல்லுக்கு உள்ள மரியாதை, கைவேலை எல்லாம் சேர்ந்துதான் தாங்குகின்றன. வாடைக் காற்றையும் கொண்டலையும் முகத்தில் பட்டதுமே பிரித்துச் சொல்லும், கிழிந்த வலையைக் கண் கண்ணாக முடிச்சிட்டுச் சரிசெய்யும் பையன் பாம்பனில் இருக்கிறான். அவனுடைய மதிப்பெண் அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது. வீட்டிலும் அதை யாரும் எடுத்துப் பேசவில்லை என்றால் அவனுக்கு மிஞ்சுவது 34ஆவது ராங்க் மட்டும்தான்.

ஏ செக்‌ஷனில் கடைசியா, பி செக்‌ஷனில் முதலா? எது நல்லது?

மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிக்கும் பள்ளிகளில் இந்தக் கேள்வி ஓயாது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தன் படிப்பைக் குறைவாகவும், சாதாரண வகுப்பில் இருப்பவர் கூடுதலாகவும் மதிப்பிடுகிறார் என்று அவரும் அவருக்குப் பின் பல நாடுகளில் ஆராய்ந்தவர்களும் காட்டினார்கள். பெரிய குளத்துச் சின்ன மீன், சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று இதைச் சொல்வார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த மர்ஃபி, வைன்ஹார்ட் ஆய்வும் இதை ஒட்டியதுதான்: ஆரம்பப் பள்ளியில் ஒரே மதிப்பெண் எடுத்தவர்களுள், வகுப்பில் மேல் ராங்க்கில் இருந்தவர்கள் உயர்நிலைப் பள்ளியில் கூடுதலாக எடுத்தார்கள். இந்த விளைவு பையன்களிடம் அதிகமாக இருந்தது.

அதற்காகப் பிள்ளையை "பி"க்கு மாற்றச் சொல்லவில்லை. ஆசிரியர் யார், பாடம் முழுதும் நடக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். "ஏ"விலேயே இருந்தால், 30ஆவது ராங்க் என்பது பொறுக்கியெடுத்த 35 பேருக்குள் என்பதைப் பிள்ளைக்கு ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவது 13 வயதுக்குத் தெரியாது.

ராங்க் போட்டால்தானே போட்டி வரும், போட்டி வந்தால்தானே படிப்பார்கள்?

முதல் ஐந்தாறு பேருக்கு ஓரளவு உண்மை. தங்களுக்குள் இடம் மாறக்கூடிய தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். 28ஆவது ராங்க் பிள்ளைக்கு 27 ஆவதற்காக யாரும் கைதட்டுவதில்லை. எவ்வளவு உழைத்தாலும் இடம் மாறாது என்று தெரிந்துவிட்டால், உழைக்காமல் இருப்பதுதான் மானத்தைக் காக்கும் வழி. "நான் படிக்கவே இல்ல, அதான் மார்க் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வது திமிர் இல்லை. படித்தும் வரவில்லை என்று சொல்ல வேண்டிய அவமானத்திலிருந்து தப்பும் வழி அது.

"படிக்கலேன்னா கடலுக்குத்தான் போகணும்" என்று சொல்வது தப்பா?

தப்புதான். நல்லெண்ணத்தில் சொல்வது என்று தெரியும். விசைப்படகுத் தொழிலின் கடன், டீசல் விலை, கச்சத்தீவுப் பக்கம் போனால் சிறைபிடிப்பு எல்லாம் பட்டவர்கள், தன் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று நினைப்பது நியாயம். ஆனால் அந்த வாக்கியம் பிள்ளையின் காதில் இரண்டாகப் பிரிந்து விழுகிறது. ஒன்று, படிப்பு வராதவனுக்குக் கடைசியாகக் கிடைப்பது கடல். இரண்டு, அப்படியானால் அப்பா யார்? ராங்க் குறைந்த அன்றைக்கு அவன் தன்னை மட்டும் தோற்றவனாக நினைப்பதில்லை, அப்பாவையும் சேர்த்துக்கொள்கிறான். இன்னும் சிலர் அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்று, 9ஆம் வகுப்பிலேயே "நான் கடலுக்குப் போறேன்" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மிரட்டலாகச் சொன்னது வழியாகிவிடுகிறது.

பெண் பிள்ளைக்கு இதே வாக்கியம் வேறு உடையில் வருகிறது: "ராங்க் இல்லேன்னா நிப்பாட்டிக் கட்டிக் குடுத்துருவோம்." பையன் தவறினால் திட்டு, பெண் தவறினால் படிப்பே போய்விடும் என்றால், அவள் ஒவ்வொரு தேர்வையும் எழுதுவது கழுத்தில் கத்தி வைத்த நிலையில். பயத்தில் எழுதும் தேர்வில் தெரிந்ததும் மறந்துபோகும். 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பதை அவளுக்கும் தெரியும்படி சொல்லிவைப்பது நல்லது.

மாற்றாக என்ன சொல்லலாம்? "நீ எந்த வேலைக்குப் போனாலும் சரி, பத்தாவது முடிச்சுட்டுப் போகணும்." இதில் மிரட்டல் இல்லை, அப்பாவின் தொழிலுக்கு இழிவும் இல்லை.

இன்னொன்று. மேடைக்கு மேடை "கலாம் பிறந்த மண்" என்று சொல்லிப் பிள்ளைகளை விரட்டுகிறோம். அந்தக் கலாம் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனபோது 25 பேரில் 9ஆவதாக வந்தார். எடுத்துக்கொண்டது 8 பேரை. இதையும் மேடையில் சொல்லலாமே.

மதிப்பெண் அட்டை வந்த அன்று வீட்டில் என்ன செய்வது?

அன்றைக்கு ராங்க்கைக் கேட்காதீர்கள். விடைத்தாளைக் கேளுங்கள். பள்ளி வீட்டுக்குத் தரவில்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சாப்பாடு முடிந்து திட்டும் அழுகையும் அடங்கிய நேரத்தில், ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் போன மதிப்பெண்களை நான்காகப் பிரியுங்கள்:

தெரியாதது. தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது. கவனப் பிசகு. கேள்வியைத் தப்பாகப் புரிந்தது.

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 58 வாங்கிய ஒரு தாளை வைத்துப் பார்ப்போம். போனது 42. பிரித்தால் இப்படி வரலாம்: தெரியாதது 16, நேரமில்லாமல் விட்டது 13, பிசகு 9, தப்பாகப் புரிந்தது 4. நேரமில்லாமல் விட்ட 13இல் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வி. கணிதத் தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆளுக்கு 8, ஆக 16 மதிப்பெண். பயிற்சி இருந்தால் நிச்சயமாக வாங்கக்கூடியவை. பிள்ளை இவற்றைக் கடைசிக்கு வைத்து, கடைசியில் மணி அடித்திருக்கும். அடுத்த தேர்வில் இவற்றை முதல் முக்கால் மணிக்குள் முடிக்கச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. "நான் கணக்குல மக்கு" என்று உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, 42இல் 26 தனக்குத் தெரிந்ததிலேயே போனது என்று பேப்பரில் பார்ப்பது வேறு அனுபவம். "நீ புத்திசாலிடா" என்று நூறு தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

ஒரு நாளைக்கு ஒரு பாடம், 20 நிமிடம் போதும். எழுத்துப் பழக்கம் இல்லாத பெற்றோர் பிள்ளையையே பிரிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் பலன் ஒன்றுதான்.

போன தேர்வோடு ஒப்பிடும்போது ஒரு பிழை நடக்கும். காலாண்டில் 52, அரையாண்டில் 47 என்றால் இறங்கிவிட்டதாகத் தோன்றும். வகுப்பின் நடு மதிப்பெண்ணையும் ஆசிரியரிடம் கேளுங்கள், அதாவது எல்லோரையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண். காலாண்டில் அது 48, அரையாண்டில் 40 என்றால், கடினமாக இருந்தது தாள். பிள்ளை இறங்கவில்லை.

ராங்க் திடீரென்று சரிந்தால்?

ஒரே தேர்வில் மொத்தம் 50, 60 மதிப்பெண் குறைந்தால் அறிவுரைக்கு முன் இவற்றைப் பாருங்கள். கண்: கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறதா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? வருகைப் பதிவு: புயல் எச்சரிக்கை வாரங்களில் போன வகுப்புகள் எத்தனை? தூக்கம்: விடியற்காலை ஏலத்துக்கு மீன் கூடை தூக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறதா? அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்கிறாளா? அப்பாவின் படகு பிடிபட்ட வீட்டில், அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மறந்துவிடுவதுதான் ஆசிரியர் செய்யக்கூடிய மரியாதை.

முதல் ராங்க் பிள்ளைக்குக் கவலை இல்லைதானே?

இருக்கிறது. ஊர் உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரை முதலிடம், பிளஸ் ஒன்னுக்கு ராமநாதபுரம் டவுனுக்குப் போய் முதல் தேர்வில் 23ஆவது. போதாததற்குச் சிலர் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியிருப்பார்கள். "முதல் ராங்க்" என்பதே அதுவரை பெயர் மாதிரி இருந்ததால், பெயரே பறிபோனதாக உணர்வார்கள். விடைத்தாளை ஒளிப்பது, சந்தேகம் கேட்காமல் இருப்பது, ஹாஸ்டலிலிருந்து "வயித்து வலி" என்று ஊருக்கு வருவது எல்லாம் இந்த முதல் நான்கு மாதத்தில்தான் வரும்.

சேரும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அங்க எல்லாரும் அவங்கவங்க ஊர்ல முதல் ராங்க். முதல் ரெண்டு பரிட்சை கீழதான் வரும்." முன்கூட்டிக் கேட்ட பிள்ளைக்கு அதிர்ச்சி பாதிதான். சின்ன வயதிலிருந்தே "மூளைக்காரி" என்று பாராட்டாமல், "அந்தப் படத்தை மூணு தடவ வரைஞ்சு பார்த்தியே" என்று செய்ததைப் பாராட்டுவதும் இதற்காகத்தான்.

ஆசிரியராக ராங்க் போடாமல் இருக்க முடியாது. வேறென்ன செய்யலாம்?

விடைத்தாளை மதிப்பெண் இறங்குவரிசையில் அடுக்கிக் கொடுக்காதீர்கள். கட்டு குறையக் குறைய, இன்னும் பெயர் வராத பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பதிவெண் வரிசையில், தாளைக் கவிழ்த்துக் கொடுங்கள். மதிப்பெண்ணை முதல் பக்கத்தில் வட்டமிடாமல் உள்பக்கத்தில் எழுதலாம். ராங்க்படி இருக்கை வேண்டாம். "மெல்லக் கற்போர்" பட்டியல் ஆசிரியர் அறையோடு இருக்கட்டும். மாலைச் சிறப்பு வகுப்புக்கு "ஸ்லோ லேனர்ஸ் எல்லாம் நில்லுங்க" என்று கூப்பிடாமல், "மூன்றாம் இயல் பயிற்சிக்கு" என்று பாடத்தின் பெயரால் கூப்பிடுங்கள்.

உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்கு உதவும். குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. பெரிய தேர்வில் இது முடியாது. வாராந்திரச் சிறு தேர்வில் முடியும்: திங்களன்று குறிப்போடு தாள், திருத்தி எழுதிய பிறகு புதனன்று மதிப்பெண். 40 தாளுக்கு ஒரு வரி வீதம் எழுத ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் மறைக்க வேண்டாம். அதனால் வாரம் ஒரு பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் நடக்கும்.

அரசே ராங்க்கை எடுத்துவிட்டதே?

2017இல் எடுத்தது பொதுத்தேர்வின் மாநில, மாவட்ட முதல் மூன்று இட அறிவிப்பை. வகுப்பறை ராங்க் அப்படியே இருக்கிறது. மாவட்டங்களின் தேர்ச்சி விகிதப் பட்டியலும் தொடர்கிறது. அந்த அழுத்தம் மேலிருந்து தலைமை ஆசிரியர் வழியாக இறங்கிக் கடைசியில் 30ஆவது ராங்க் பிள்ளையின் தலையில் நிற்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய ராங்க்கையும் போடுகிறார்கள். தடுக்க முடியுமா?

குழுவிலேயே சண்டை போடாதீர்கள், உங்கள் பிள்ளைதான் மறுநாள் பேச்சு வாங்கும். வகுப்பாசிரியருக்குத் தனியாக எழுதுங்கள்: "ஐயா, பிள்ளைகள் மதிப்பெண்ணை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்பினால் உதவியாக இருக்கும்." பலன் இல்லையென்றால் தலைமை ஆசிரியர், அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோர்தான் அதிகம். ராங்க்கை வைத்துக் கேவலமாகப் பேசுவது, முட்டி போட வைப்பது என்று போனால் அது வேறு விவகாரம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் பிரிவு 17, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

எப்போது பயப்பட வேண்டும்?

இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டிருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் குறைந்தால், விடைத்தாள் தரும் நாளில் மட்டும் வாந்தி, தலைவலி வந்தால், உங்கள் கையெழுத்தைத் தானே போட்டிருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கள்ளக் கையெழுத்துக்கு முதல் பதில் அடியாக இருந்தால் அடுத்த முறை இன்னும் நன்றாகப் போடக் கற்றுக்கொள்ளும்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றிரவு தனியாக விடாதீர்கள், மருந்து, பூச்சிக்கொல்லிகளை எடுத்து மறையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும். 104 மருத்துவ உதவி எண் இன்னொரு வழி. பிள்ளையே கூப்பிட, குழந்தைகள் உதவி எண் 1098. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சம் வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிவு வருவது பெரும்பாலும் மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானமும் இல்லை, அப்பாவும் நாள் முழுக்க வீட்டில். சண்டைக்கு எல்லாம் தோதாக இருக்கும் மாதம் அது. ஒரு பாடம் போயிருந்தால் அன்றைக்கே துணைத்தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். சில வாரங்களிலேயே எழுதி, அந்த ஆண்டே மேலே படிக்கலாம்.

வாப்பா வெளிநாட்டில். வீடியோ காலில் முதல் கேள்வியே ராங்க்தான். என்ன செய்வது?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. தூரத்தில் இருப்பவருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரியும் ஒரே விவரம் அந்த எண்தான், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் வருவதற்கு முன் உம்மா அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பிவிடட்டும்: இந்த வாரம் அறிவியலில் எந்தப் பாடம், எதில் தடுமாற்றம், யாரோடு சண்டை. அப்போது கேட்க வாப்பாவுக்கு வேறு கேள்வி கிடைக்கும். ராங்க்கைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கடைசியில் கேட்கட்டும்.